வேவுக் கோள்கள் கண்ட வெடிப்பு

1963 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மாஸ்கோவில் அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இனிமேல் காற்றிலோ கடலுக்குள்ளோ விண்வெளியிலோ அணுகுண்டைச் சோதிப்பதில்லை என்பது ஏற்பாடு. கையெழுத்துப் போட்டவர்களுக்கே எதிராளிமேல் நம்பிக்கை இல்லை. காற்றில் வெடித்தால் கதிரியக்கத் தூசு காட்டிக்கொடுத்துவிடும். கடலில் வெடித்தால் தண்ணீருக்குள் பரவும் ஒலி சொல்லிவிடும். விண்வெளியில், அதுவும் நிலவுக்குப் பின்னால் கொண்டுபோய் வெடித்தால் யாருக்குத் தெரியும்?

இந்தச் சந்தேகத்துக்கு விடையாகத்தான் 'வேலா' என்ற செயற்கைக்கோள்கள் வந்தன. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஒரே வாரத்தில், அக்டோபர் 17-ஆம் தேதி, அமெரிக்கா முதல் ஜோடியை ஏவிவிட்டது. எப்போதும் ஜோடியாகத்தான் போகும். பூமிக்கு இந்தப் பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று. நிலவின் தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் சுற்றியதால் எந்த மூலையும் பார்வைக்குத் தப்பாது. எக்ஸ் கதிர், நியூட்ரான், காமாக் கதிர் மூன்றையும் பிடிக்கும் கருவிகள் அவற்றில் இருந்தன. காமாக் கருவி வைத்ததற்குத் தனிக் காரணம் உண்டு. குண்டை நிலவு மறைத்துவிட்டாலும், வெடித்துச் சிதறிய கதிரியக்க மேகம் விரிந்து நிலவின் விளிம்பைத் தாண்டி வந்தே தீரும். அப்போது அதன் காமாக் கதிர் மாட்டிக்கொள்ளும்.

குண்டு எதுவும் மாட்டவில்லை. வேறொன்று மாட்டியது.

1967 ஜூலை 2, சர்வதேச நேரம் பிற்பகல் 2 மணி 19 நிமிடம். நம் ஊர்க் கணக்கில் இரவு எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு. வேலா கோள்களின் காமா எண்ணிக்கை திடீரென எகிறியது. முதலில் குறுகிய ஒரு முகடு, அது தணிந்த பிறகு சற்று அகன்ற இன்னொரு முகடு. சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. அணுகுண்டு இப்படி வெடிக்காது. அதன் காமா ஒளி வெட்டினாற்போல ஒரே துடிப்பாக வரும். அதன்பின் பிளவுப் பொருள்கள் சிதையச் சிதைய மெல்லத் தேயும் கதிர் நெடுநேரம் தொடரும். இதில் அந்தத் தேய்மானமே இல்லை. ஒன்றுக்கு இரண்டு முகடு வேறு.

அன்றைக்கு இதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. குண்டின் சாயல் இல்லாத பதிவுகளை அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஓரமாக எடுத்து வைத்திருந்தார்கள். 1969 மார்ச்சில் அங்கே வேலை பார்த்த ரே கிளெபசடலும் ராய் ஓல்சனும் பழைய தாள்களை எடுத்து, ஒரு கோளின் பதிவையும் இன்னொரு கோளின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இது கண்ணில் பட்டது. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கோள்கள் பதிந்திருந்ததால் கருவிக் கோளாறு என்று தள்ளிவிட முடியவில்லை. அன்று சூரியனில் சீற்றம் இல்லை. விண்மீன் வெடித்துச் சிதறும் சூப்பர்நோவா எதுவும் தென்பட்டதாகத் தகவலும் இல்லை.

அமெரிக்க ராணுவம் இதை ரகசியமாகப் பூட்டி வைத்தது என்று ஒரு கதை உலவுகிறது. கேட்கச் சுவையாக இருக்கிறது, ஆனால் உண்மை அதைவிடச் சாதாரணம். ஒரே ஒரு பதிவை வைத்துக்கொண்டு, அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்றுகூடத் தெரியாமல், எதை எழுதுவது? அடுத்த தலைமுறைக் கோள்களுக்காகக் காத்திருந்தார்கள். 1969-இலும் 1970-இலும் மேலே போன வேலா கோள்களின் கடிகாரங்கள் ஒரு விநாடியை 64 கூறாக்கிப் பார்க்கக்கூடியவை. அங்கேதான் திறப்பு கிடைத்தது.

கோயில் திருவிழாவில் போடும் அதிர்வேட்டுச் சத்தம் பக்கத்து ஊருக்கு முதலில் கேட்கும், தள்ளியிருக்கும் ஊருக்குக் கொஞ்சம் தாமதமாகக் கேட்கும். இரண்டு ஊரிலும் சரியான கடிகாரம் இருந்தால், தாமதத்தை வைத்தே வேட்டு எந்தப் பக்கம் போட்டார்கள் என்று சொல்லிவிடலாம். எதிரெதிரே நின்ற இரண்டு வேலா கோள்களுக்கு இடையே இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். அதைக் கடக்க ஒளிக்கே முக்கால் விநாடி ஆகும். ஒரு ஜோடியின் தாமதத்தைக் கணக்கிட்டால் வானத்தில் ஒரு வளையம் கிடைக்கும், வெடிப்பு அந்த வளையத்தில் எங்கோ இருக்கிறது என்று பொருள். மூன்றாவது கோள் இன்னொரு வளையத்தைத் தரும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளில் ஒன்றுதான் இடம். கணக்குப் போட்டார்கள். பூமியும் இல்லை, சூரியனும் இல்லை. 1973-இல் கிளெபசடல், இயன் ஸ்ட்ராங், ஓல்சன் மூவரும், மூன்று ஆண்டுகளில் பதிவான 16 வெடிப்புகளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். வெடிப்புகள் அண்டவெளியிலிருந்து வருகின்றன என்பதைத் தவிர அதில் அவர்கள் வேறெதையும் அடித்துச் சொல்லவில்லை.

எப்போது வெடித்தது என்பதை விநாடியில் ஒரு சிறு பங்குவரை துல்லியமாகச் சொல்ல முடிந்தது. எங்கே என்பதைச் சொல்ல அடுத்து 24 ஆண்டுகள் ஆயின. வானியலில் தூரம் தெரியாவிட்டால் எதுவும் தெரியாது. கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியும் வெளிச்சம், பக்கத்தில் என்றால் பொறி, கோடானுகோடி ஒளியாண்டுக்கு அப்பால் என்றால் பிரளயம். இந்த வெடிப்புகள் சூரியக் குடும்பத்தின் விளிம்பில் நடக்கின்றன என்றார்கள் சிலர். பால்வீதியின் நியூட்ரான் விண்மீன்களில், அதாவது இறந்த பெரிய விண்மீன்களின் அடர்ந்த எச்சங்களில், என்றார்கள் பலர். அண்டத்தின் மறுகோடியில் என்றார்கள் வெகு சிலர். 1990-களின் தொடக்கத்தில் அச்சேறிய கோட்பாடுகள் மட்டும் நூற்றுக்கும் மேல். வெடிப்புகளைவிடக் கோட்பாடுகள் அதிகம் என்று வானியலாளர்களே கேலி பேசிய காலமும் இருந்தது.

சிக்கலுக்கு வேர் காமாக் கதிரின் குணத்தில் இருக்கிறது. கண்ணாடி வில்லை அதை வளைக்காது, சாதாரண ஆடி அதைத் திருப்பாது. எதிலும் ஊடுருவிப் போகும், அல்லது மோதி அழியும். கருவியில் விழுந்த ஒரு காமாத் துகள் 'வந்துவிட்டேன்' என்று மட்டும்தான் சொல்லும், எந்தப் பக்கமிருந்து என்று சொல்லாது. தரையில் நின்று பார்க்கவும் வழியில்லை. நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதும் சேர்ந்து, பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமமான எடை கொண்ட சுவர். அதைத் தாண்டி இந்தக் கதிர் கீழே வராது. உயிரோடு இருக்க விரும்புகிற யாரும் இதைக் குறையாகச் சொல்லமாட்டார்கள். வானியலாளர்களுக்கு மட்டும் இது தொல்லை.

1991 ஏப்ரலில் அட்லாண்டிஸ் விண்வெளி ஓடம் 17 டன் எடையுள்ள காம்ப்டன் ஆய்வுக்கூடத்தை மேலே கொண்டுபோனது. விடுவிக்கும் நேரத்தில் அதன் பெரிய ஆன்டெனா விரியாமல் ஒட்டிக்கொண்டது. ஜெர்ரி ராஸ் என்ற விண்வெளி வீரர் வெளியே போய், அதைக் கையால் பிடித்து உலுக்கி விடுவித்தார். கோடிக்கணக்கில் செலவழித்த கருவியைக் கடைசியில் காப்பாற்றியது அந்த உலுக்கல்தான். காம்ப்டனின் எட்டு மூலைகளிலும் சோடியம் அயோடைடு படிகம் வைத்த எட்டு உணரிகள் இருந்தன. வெடிப்பின் பக்கம் திரும்பியிருக்கும் மூலைக்கு அதிகக் கதிர், அடுத்ததற்குக் குறைவு. ஒப்பிட்டுப் பார்த்தால் திசை தோராயமாகத் தெரியும். தோராயம் என்றால் சில பாகை. முழுநிலவின் அகலம் அரைப் பாகைதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சில பாகை வட்டத்துக்குள் ஆயிரக்கணக்கில் விண்மீன்களும் விண்மீன் மண்டலங்களும் இருக்கும். அதில் எதைக் குறை சொல்வது?

ஆனாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு வெடிப்பாக அது பதிந்துகொண்டே போனது. ஒன்பது ஆண்டில் 2,704. அவற்றை வான வரைபடத்தில் புள்ளி வைத்தபோது பெரும்பாலோர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. பால்வீதிக்குள் நடப்பவை என்றால் புள்ளிகள் பால்வீதியின் பட்டையில் கூடியிருக்க வேண்டும். அப்படிக் கூடவில்லை. வானமெங்கும் ஒரே சீராகத் தெளித்தாற்போல இருந்தன. அதோடு மங்கலான வெடிப்புகள் கணக்குப்படி இருக்க வேண்டியதைவிடக் குறைவு. நாம் நடுவில் இருக்கிறோம், எல்லாத் திசையிலும் ஓர் எல்லை வரை பரவியிருக்கிறது என்றால், அது பேரண்டமாகத்தானே இருக்க வேண்டும் என்றார் வானியலாளர் போஹ்டான் பச்சின்ஸ்கி. இல்லை, பால்வீதியைச் சுற்றிப் பெரிய பந்துபோலப் பரவியிருக்கும் நியூட்ரான் விண்மீன்களாக இருக்கலாம் என்றார் டொனால்ட் லாம்ப். 1995 ஏப்ரலில் வாஷிங்டனில், இதற்கு 75 ஆண்டு முன்பு ஷாப்லியும் கர்ட்டிஸும் பால்வீதியின் அளவைப் பற்றி வாதிட்ட அதே அரங்கில், இருவரையும் மேடையேற்றினார்கள். மார்ட்டின் ரீஸ் நடுவர். யார் சொல்வது சரி என்று அன்று தீர்ப்பாகவில்லை. வாதத்தில் தீர்க்கக்கூடிய விஷயமும் இல்லை அது. தேவைப்பட்டது ஒரே ஒரு சரியான முகவரி.

முகவரியைக் கொண்டுவந்தது, இத்தாலியும் நெதர்லாந்தும் சேர்ந்து 1996-இல் ஏவிய பெப்போசாக்ஸ் என்ற நடுத்தரக் கோள். பெரிதாக யாரும் எதிர்பார்க்காத கோள் என்றுகூடச் சொல்லலாம். அதில் ஒரு தந்திரம் இருந்தது. வில்லையால் குவிக்க முடியாத கதிருக்கு முன்னால், கணக்கிட்டுத் துளையிட்ட ஒரு தகட்டை வைத்துவிடுவது. கதிர் சாய்ந்து வந்தால் தகட்டின் நிழல் அதற்கேற்ப நகர்ந்து விழும். நிழல் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால், கதிர் வந்த திசை சில கலைத் துல்லியத்தில் கிடைத்துவிடும். ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒன்று. அதே கோளில் கூர்மையான எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகளும் இருந்தன. கோளைத் திருப்பினால் அந்த இடத்தை உற்றுப் பார்க்கலாம்.

ஆனால் திருப்புவது லேசான வேலை இல்லை. 1997 ஜனவரியில் ஒரு வெடிப்புக்குத் திருப்பியபோது 16 மணி நேரம் ஆகிவிட்டது. போய்ப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. பிப்ரவரி 28 விடியற்காலை அடுத்த வெடிப்பு, ஓரியன் விண்மீன் கூட்டத்தின் பக்கம். இம்முறை ரோம் நகரிலிருந்த குழு எட்டு மணி நேரத்தில் திருப்பிவிட்டது. அங்கே இதுவரை இல்லாத ஒரு எக்ஸ் கதிர்ப் புள்ளி! மூன்று நாள் கழித்து மீண்டும் பார்த்தபோது அது இருபதில் ஒரு பங்காக மங்கியிருந்தது. வெடிப்புக்குப் பின்னொளி உண்டு என்று உலகம் முதன்முறையாக அறிந்தது அப்போதுதான்.

நெதர்லாந்தில் யான் ஃபான் பரடெய்ஸ் குழுவுக்குத் தகவல் போனது. கேனரித் தீவுகளில் லா பால்மாவிலுள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி, வெடிப்பு நடந்து 21 மணி நேரம் ஆவதற்குள் அந்த இடத்தைப் படமெடுத்துவிட்டது. மார்ச் 8-ஆம் தேதி இன்னொரு படம். அவருடைய மாணவர்கள் பால் குரோட்டும் டைட்டஸ் கலாமாவும் இரண்டையும் ஒப்பிட்டார்கள். முதல் படத்தில் இருந்த ஒரு புள்ளி இரண்டாவதில் காணாமல் போயிருந்தது. முப்பது ஆண்டாக வேவுக் கோள்களும் ஆய்வுக்கோள்களும் தேடியதைச் சாதாரண ஒளியில் பார்த்தாகிவிட்டது.

மே 8-ஆம் தேதி இன்னொரு வெடிப்பு. இதன் பின்னொளியை ஹவாயின் கெக் தொலைநோக்கி பகுத்துப் பார்த்ததில் இரும்பும் மெக்னீசியமும் விழுங்கிய கோடுகள் செம்பெயர்ச்சி, அதாவது அண்டம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு, 0.835 என்று காட்டின. குறைந்தபட்சம் அவ்வளவு தூரம் என்று பொருள். ஒளி கிளம்பியபோது நம் சூரியனே பிறந்திருக்கவில்லை. பச்சின்ஸ்கி சொன்னதுதான் சரி என்று ஆயிற்று.

தூரம் தெரிந்ததும் அடுத்த தலைவலி. அத்தனை தொலைவிலிருந்து இவ்வளவு பிரகாசம் என்றால், சூரியன் தன் ஆயுள் முழுவதும், அதாவது ஆயிரம் கோடி ஆண்டும் வெளியிடும் ஆற்றலைச் சில விநாடியில் கொட்ட வேண்டும். எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுகிறது என்று கொண்டால் சில வெடிப்புகளுக்கு இதுகூடப் போதாது. அப்படிப் பரவுவதில்லை என்பதுதான் விடை. மிகப் பெரிய விண்மீன் ஒன்றின் கரு இடிந்து கருந்துளை ஆகும்போது, இரு துருவத்திலும் ஒளியின் வேகத்தை நெருங்கும் குறுகிய தாரைகள் பீறிட்டு விண்மீனைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. தாரை நம்மைப் பார்த்து இருந்தால்தான் நமக்குத் தெரியும். நாம் பார்க்கும் ஒவ்வொன்றுக்கும், வேறு பக்கம் பார்த்து வெடித்தவை எத்தனையோ.

இதன்பிறகு போட்டி வேகத்தில்தான். 2004 நவம்பரில் மேலே போன ஸ்விஃப்ட் என்ற கோள், மனிதக் கட்டளைக்குக் காத்திராமல் ஒரு நிமிடம் சுமாருக்குள் தானே திரும்பிவிடும். பெப்போசாக்ஸின் எட்டு மணி நேரத்தோடு இதை வைத்துப் பாருங்கள். 2008 மார்ச் 19-ஆம் தேதி அது பிடித்த வெடிப்பு ஒன்றின் ஒளி 750 கோடி ஆண்டு பயணம் செய்து வந்தது. ஏறத்தாழ அரை நிமிட நேரம், இருண்ட இடத்தில் நின்று பூட்டிஸ் விண்மீன் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எவருக்கும் அது வெறுங்கண்ணுக்கே தெரிந்திருக்கும். அதே தேதியில்தான் அரை நூற்றாண்டாக இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் கொழும்பில் காலமானார். வெடிப்புக்கு அவர் பெயரையே வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அறிவியல் புனைகதை எழுதியவருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை கிடைத்திருக்காது.

இரண்டு விநாடிக்குக் குறைவான குட்டி வெடிப்புகள் தனி இனம் என்பதைக் காம்ப்டன் காலத்திலேயே கண்டிருந்தார்கள். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதுவதால் வருகின்றன என்ற ஊகத்துக்குச் சான்று 2017 ஆகஸ்ட் 17-இல் கிடைத்தது. முதலில் மோதல் வெளியில் எழுப்பிய அதிர்வான ஈர்ப்பு அலை வந்தது. 1.7 விநாடி கழித்து ஃபெர்மி என்ற காமாக் கதிர்க் கோளில் ஒரு காமா வெடிப்பு. இரண்டும் 13 கோடி ஆண்டு ஓடி வந்தவை. அவ்வளவு நீண்ட ஓட்டத்தில் இரண்டு விநாடிகூட முன்பின் இல்லை என்றால், ஈர்ப்பு அலையின் வேகமும் ஒளியின் வேகமும் ஒன்றே என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

இவ்வளவு தொலைவில் நடப்பவை நம் வீட்டுக் கூரையையும் தட்டுகின்றன. பூமிக்கு மேலே 60 கிலோமீட்டரில் தொடங்கும் அயனி மண்டலம், தாழ் அதிர்வெண் வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் கூரை. பகலில் சூரியன் அதைத் தாழ்த்தும், இரவில் உயரும். 1983 ஆகஸ்டில் ஒரு காமா வெடிப்பு அதை அசைத்ததை வானொலிப் பதிவுகளில் கண்டுபிடித்தார்கள். 1998 ஆகஸ்டில், அசுரக் காந்தப்புலம் கொண்ட மேக்னடார் வகை நியூட்ரான் விண்மீன் ஒன்றின் சீற்றம், இரவு நேரக் கூரையை 85 கிலோமீட்டரிலிருந்து 60 கிலோமீட்டருக்கு இறக்கிவிட்டது. எங்கோ இருக்கும் ஒரு விண்மீன், நடு இரவில் பகலை வரவழைத்த மாதிரி.

2004 டிசம்பரில் வந்தது அதைவிடப் பெரிது. நம் பால்வீதியிலேயே உள்ள இன்னொரு மேக்னடார், விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் சீறியது. வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்த கோள்களின் உணரிகள்கூட நிரம்பி வழிந்தன. பூமி மறைத்திருந்ததால் நேராகப் பார்க்க முடியாத ரஷ்யக் கோள் ஒன்று, நிலவில் பட்டுத் திரும்பிய காமாக் கதிரைப் பதிந்தது. இந்திய நேரப்படி அது டிசம்பர் 28 அதிகாலை மூன்று மணி. நம் கடற்கரைகளில் சுனாமியில் பறிகொடுத்தவர்களைத் தேடிக்கொண்டிருந்த நாள்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். இன்றும் அது உலவுகிறது. நிலநடுக்கம் நடந்து 44 மணி நேரம் கழித்துத்தான் அந்தக் கதிர் பூமியை எட்டியது. அதைவிட வேகமாக வரக்கூடியது எதுவும் இல்லை. பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாகாது.

2022 அக்டோபர் 9 மாலை நம் நேரம் 6:47-க்கு வந்த வெடிப்பு, இதுவரை பதிவானவற்றில் மிகப் பிரகாசமானது. பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது என்கிறார்கள். 190 கோடி ஆண்டுப் பழைய ஒளி, இந்தியாவிலிருந்த மின்னல் உணரிகளைக்கூடத் தட்டியெழுப்பியது. 500 கிலோமீட்டர் உயரத்தில் பறந்த சீன–இத்தாலியக் கோள் ஒன்று, அயனி மண்டலத்தின் மேற்புறத்தில் மின்புலம் மாறியதை நேரடியாக அளந்தது. வானியலாளர்களும் விண்வெளி இயற்பியலாளர்களும் ஒரே நிகழ்வைப் பற்றி, ஒருவர் மேலே பார்த்தும் மற்றவர் கீழே பார்த்தும் எழுதினார்கள்.

இந்த வேலையில் இந்தியாவின் கையும் இருக்கிறது. 2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட் கோளில், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று உருவாக்கிய கருவி ஒன்று காட்மியம், துத்தநாகம், டெல்லூரியம் சேர்ந்த படிகத்தால் ஆனது. இயக்கிவிட்ட முதல் நாளே ஒரு காமா வெடிப்பைப் பிடித்தது. ஆற்றல் மிகுந்த கதிருக்குக் கோளின் உடலே கண்ணாடி மாதிரி ஆகிவிடுவதால், எந்தப் பக்கம் வெடித்தாலும் அதற்குத் தெரியும். பக்கத்துப் பக்கத்துப் படிகங்களில் கதிர் எப்படிச் சிதறுகிறது என்று எண்ணி, ஒளியின் அதிர்வு ஒரே தளத்தில் அடங்கியிருக்கிறதா என்றும் சொல்லும். தாரைக்குள் காந்தப்புலம் ஒழுங்காக இருக்கிறதா, கலைந்து கிடக்கிறதா என்பதற்கு அதுதான் துப்பு.

நீண்டவை விண்மீன் மரணம், குட்டியானவை மோதல் என்ற பாகுபாடும் இப்போது ஆட்டம் காண்கிறது. 2021 டிசம்பரில் ஒரு நிமிடத்தை நெருங்கிய வெடிப்பு ஒன்றுக்குப் பின்னால், மோதலுக்கே உரிய செந்நிற ஒளி தென்பட்டது. 2023 மார்ச்சில் இன்னொரு நீண்ட வெடிப்பு, பிரகாசத்தில் இரண்டாமிடம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் பின்னொளியைப் பகுத்தபோது கிடைத்தது நியூட்ரான் விண்மீன் மோதலில் உருவாகும் டெல்லூரியம், ஆஸ்ட்ரோசாட் படிகத்திலிருக்கும் அதே தனிமம். மோதிய ஜோடி, தான் பிறந்த விண்மீன் மண்டலத்தை விட்டு 1,20,000 ஒளியாண்டு தள்ளி வந்திருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மோதல் முடிய நொடிகள் போதும் என்கிறது கோட்பாடு. வெடிப்பு ஏன் இவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்கு இப்போதே மூன்று நான்கு விளக்கங்கள் அச்சில் வந்துவிட்டன.